கரடிப்போக்கு இலைக்கஞ்சிக் கடை: பால் ஒத்துவராத பிள்ளைத்தாச்சியின் பார்வையில்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். பால் ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணி ஒருத்தி கிளிநொச்சிப் பக்கம் வெளியில் சாப்பிட வேண்டி வந்தால் இந்தக் கடைக்குப் போகலாம். காலைச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் போகலாம், மத்தியானத்துக்கும் போகலாம், பின்னேரம் போய்ப் பிரயோசனம் இல்லை. கரடிப்போக்குச் சந்தியைத் தாண்டிப் பரந்தன் பக்கம் போகையில் உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேம்பு, நாலு பிளாஸ்டிக் மேசை, அவ்வளவுதான். ஒரு அக்காவும் அவவின் மச்சாளும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஓட்டோக்காரரிடம் இலைக்கஞ்சிக் கடை என்றால் கொண்டுவந்து விடுவார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பால் சரிவராது. பால்தேத்தண்ணி ஒன்று முழுதாகக் குடித்தால் கொஞ்ச நேரத்தில் வயிறு ஊதி, உள்ளே கடமுடா என்று உருண்டு, பிறகு ஓட்டம்தான். கர்ப்பம் தரித்த பிறகு இதை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பால்மாப் பெட்டியோடு வருகிறார்கள், போகும்போது "பால் குடிக்காட்டி பிள்ளைக்கு எலும்பு எப்படியம்மா வளரும்" என்று ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். என் மாமி நல்ல மனுசி, ஆனால் இரவு ஒரு தம்ளர் பாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதை அவ விடுவதாக இல்லை.

இது அலர்ஜி இல்லை என்பதை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் கேள்வி கேட்பதற்கே அது தேவைப்படுகிறது. பாலில் லக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கச் சிறுகுடலில் லக்டேஸ் என்ற நொதியம் சுரக்க வேண்டும். வளர வளர அது பலருக்குக் குறைந்துபோகிறது, உலகத்தில் வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதுதான் நிலைமை. உடையாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன, தண்ணீரும் குடலுக்குள் இழுபடுகிறது, ஊதலும் வயிற்றோட்டமும் அதனால்தான். பிள்ளைக்கு இதனால் நேரடியாக ஒரு கெடுதலும் இல்லை. அலர்ஜி என்றால் கதை வேறு. அது பாலிலுள்ள புரதத்தை உடம்பு எதிர்ப்பது, அதற்கு ஒரு துளியும் ஆகாது. அப்படிப்பட்டவர்கள் இந்தக் கடைக்கு வரவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பால்மா கலக்கிய கரண்டியை அக்கா கழுவுகிறா என்றாலும் அதே வாளித் தண்ணீரில்தான் கழுவுகிறா. எனக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது.

லக்டோஸ் விஷயத்தில் அளவுதான் கணக்கு. பலருக்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்பைப் பால் வரை பெரிதாக ஒன்றும் செய்யாது, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் தாங்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் குடல் மெதுவாக வேலை செய்வதால் சிலருக்குப் பால் முந்தியைவிட ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்லப்படுகிறது. என் வயிறு அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

சரி, கடைக்கு வருவோம்.

எனக்கு இந்தக் கடை பிடித்ததற்கு முதல் காரணம் சாப்பாடு இல்லை, பதில். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறார்கள். இது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். டவுனில் ஒரு பேக்கரியில் பணிஸ் வாங்கும்போது பால்மா போட்டதா என்று கேட்டேன், "இல்லை மிஸ்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள், அன்றிரவு முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு இடத்தில் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் மட்டும்தான் என்று சத்தியம் பண்ணினார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் ரின்பால் பேணி திறந்தபடி இருந்தது. இந்த அக்காவிடம் முதல் முறை போனபோது கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு இனிப்பைக் கை காட்டினேன். "பிள்ளை, அதுக்குள்ள பால்மா போட்டிருக்கு, நீ எடுக்காத, இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் ஒண்டும் செய்யாது" என்று தானாகவே சொன்னா. அவவின் மகனுக்கும் இதே வயிறாம். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தக் கடையின் முழுச் சமையலும் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கியது.

சமையல் முன்னாலேயே நடக்கிறது, வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் நம் கண் முன்னே சமைத்துத் தருவார்களே, அந்த முறைதான், ஆனால் இது சொந்தமாக நடத்துகிற சின்னக் கடை. மாவு குழைப்பதும் தேங்காய் பிழிவதும் கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இலைக்கஞ்சி. காலை ஏழு மணிக்கு முன்னமே தயார். குத்தரிசி, பயறு, முல்லை, முசுட்டை, முருங்கையிலை, வல்லாரை என்று அன்றைக்குக் கிடைத்த இலைகளின் சாறு, கடைசியில் தேங்காய்ப்பால், மிளகு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கோப்பை 100 ரூபா. காலையில் சத்தி வருகிற மாதங்களில் எனக்கு வேறு எதுவும் இறங்கவில்லை, இது மட்டும் இறங்கியது. மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது பிடிக்காத கர்ப்பிணிகளும் இருப்பார்கள், அவர்கள் சட்டிக்குக் கிட்ட உள்ள மேசையில் இருக்கவேண்டாம். குறை ஒன்று: சில நாட்களில் பல்லில் மண் கடிபடுகிறது. மழை நாளில் இலை கழுவுவதில் அவசரம். மண் கடிபட்டால் சும்மா பல் கூசுகிற பிரச்சினை மட்டும் இல்லை, நன்றாகக் கழுவாத இலையால் கர்ப்பிணிகளுக்குத் தொற்றுகளும் வரலாம். கஞ்சி கொதிக்கிறது என்பதால் பயம் குறைவு. பச்சையாகப் போடுகிற வல்லாரைச் சம்பலை நான் இந்தக் கடையில் தொடுவதில்லை, வீட்டில் நானே கழுவிச் செய்து சாப்பிடுகிறேன். அக்காவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு கரண்டி கூடப் போட்டா.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். கஞ்சியில் தேங்காய்ப்பால் இருக்கிறது, சொதியில் இருக்கிறது, ஆகவே பாலுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தேங்காய்ப்பாலில் லக்டோஸ் இல்லை, வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, அந்த மட்டில் அருமை. ஆனால் கல்சியம் என்று பார்த்தால் நூறு கிராமில் இருபது மில்லிகிராம் கூடத் தேறாது. பசுப்பாலில் நூறு மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கிட்டத் தேவை. வன்னிச் சமையலில் பால் இல்லாமல் வாழ்வது லேசு, எங்கள் கறியும் சொதியும் மாட்டுப்பாலை நம்பி இல்லை. அந்த 1000 எங்கிருந்து வரும் என்பதுதான் சிக்கல்.

அதற்கு இந்தக் கடையின் பதில் குரக்கன் புட்டு, நெத்தலி, முருங்கையிலை வறை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துத் தருகிறார்கள், சம்பலும் சேர்த்து 250 ரூபா. இதுதான் இந்தக் கடையின் தலைச்சாப்பாடு என்று நான் சொல்வேன்.

குரக்கன் மாவில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சின்னத் துண்டுகூட இல்லை. ஒரு நீத்துப்பெட்டிப் புட்டில் கிட்டத்தட்ட ஒரு கிளாஸ் பாலுக்குள்ள கல்சியம் வந்துவிடும், கணக்கில் பார்த்தால். கணக்கில் என்று சொல்வதற்குக் காரணம், தானியங்களில் இருக்கிற பைட்டேற் என்ற பொருள் கல்சியத்தையும் இரும்பையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு முழுவதையும் எடுக்காது. ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். இந்த அக்கா குரக்கனை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்துத்தான் திரிக்கிறா. ஏன் என்று கேட்டால் "அம்மா அப்பிடித்தான் செய்தவ, மா இனிப்பாயிருக்கும்" என்கிறா. உண்மையில் இனிப்பாகத்தான் இருக்கிறது, வறுத்த மா மாதிரிக் கனக்கவும் இல்லை. வழக்கமாகக் கடைகளில் குரக்கன் புட்டென்றால் பாதிக்கு மேல் கோதுமை மா கலந்திருக்கும், நிறத்துக்கு மட்டும் குரக்கன். இங்கே கலப்பு உண்டா என்று கேட்டேன், கொஞ்சம் அரிசிமா, உதிராமல் இருக்க, என்று சொன்னா. ஏற்றுக்கொள்ளலாம்.

நெத்தலி முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருகிறதாம். சின்ன மீன், முள்ளோடு கடித்துச் சாப்பிடுவது, கல்சியம் அந்த முள்ளில்தான். தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு முள்ளையும் உருவி எடுத்துத் துப்புகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பொரியல் மொறுமொறுப்பாக, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு, தேசிக்காய் பிழிந்து, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு. காய்ந்த நெத்தலியைச் சுடுநீரில் இரண்டு தண்ணீர் அலசினால் போய்விடும் உப்பை இவர்கள் ஒரு தண்ணீரோடு விடுகிறார்கள். எனக்குப் பிரசர் ஏறாமல் பார்க்கச் சொல்லி கிளினிக்கில் எச்சரித்திருக்கிறார்கள், ஆகவே நான் முதலே சொல்லிவிடுவேன், அக்கா எனக்கென்று கொஞ்சம் தனியாக அலசிப் பொரித்துத் தருவா. எல்லோருக்கும் அப்படிச் செய்தால் நல்லது. நெத்தலி இல்லாத நாளில் சூடை மீன் குழம்பு. ரின்மீனும் சில நாளில் வரும், அதிலும் முள் மெத்தென்று கரைந்திருக்கும், அதையும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

மீன் பேச்சு வந்ததால் இன்னொன்று. மத்தியானத்தில் சில நாள் சுறா வறை வைத்திருப்பார்கள், பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கும் என்று வீட்டுக்காரர்கள் பார்சல் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுறா மாதிரிப் பெரிய, மற்ற மீன்களைத் தின்று வளர்கிற மீன்களில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும், அது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கூடாது, கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்கச் சொல்கிறார்கள். சின்ன மீனில் அந்தப் பயம் குறைவு. விலையும் குறைவு. எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

முருங்கையிலை வறையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இலையை நன்றாக ஆய்ந்து, காம்பில்லாமல், தேங்காய்ப்பூ அளவாகப் போட்டு, நிறம் போகாமல் இறக்குகிறார்கள். முருங்கையிலையில் நூறு கிராமுக்கு பாலைவிடக் கூடவே கல்சியம் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. பசளியையும் இதே மாதிரிப் புகழ்வார்கள், ஆனால் பசளியில் ஒட்சலேற் என்ற பொருள் அதிகம், அது கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், உடம்புக்கு வந்துசேர்வது கொஞ்சம். ஆகவே இரண்டும் இருந்தால் நான் முருங்கைக்குத்தான் கை காட்டுவேன். பசளிக்கடையல் சாப்பிட ஆசை என்றால் ஆசைக்குச் சாப்பிடுங்கள்.

இப்போது எள்ளுருண்டைச் சண்டைக்கு வருகிறேன். கடையில் ஒரு போத்தல் நிறைய எள்ளுருண்டை இருக்கிறது, கறுப்பு எள்ளு, பனங்கட்டி, இடித்தது. தோல் நீக்காத எள்ளில் நூறு கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அதில் பெரும்பகுதி போய்விடும். அதாவது கல்சியம் தேடி வந்த எனக்கு அந்தப் போத்தல்தான் கண்ணில் படவேண்டும், பட்டது, கேட்டேன். "பிள்ளைத்தாச்சிக்கு எள்ளோ? நான் தரமாட்டன் பிள்ளை. பிறகு உன்ர மாமி வந்து என்னைக் கேட்பா."

எள்ளு சூடு, கருவைக் கலைக்கும் என்று எங்கள் ஊர்களில் ஆண்டாண்டாகச் சொல்லி வருகிறார்கள், பப்பாசிக்கும் அன்னாசிக்கும் சொல்கிற மாதிரி. உண்மையில் சாப்பாட்டு அளவில் எள்ளு சாப்பிட்டுக் கரு கலையும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நான் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டேன், அளவோடு சாப்பிடலாம், சீனி டெஸ்ட் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள் என்று சொன்னா, பனங்கட்டி இனிப்புத்தானே. அக்காவிடம் இதைச் சொன்னேன். "மிஸ் சொல்லுவா, மிஸ்ஸுக்கென்ன" என்றா. ஒரு கடைக்காரி காசு வேண்டாம், உனக்குத் தரமாட்டேன் என்று நிற்பதைப் பார்த்துக் கோபப்படுவதா மதிப்பதா என்று தெரியவில்லை. இப்போது நடப்பது இதுதான்: என் வீட்டுக்காரர் போய்த் தனக்கென்று வாங்கிக்கொண்டு வருகிறார், அக்காவும் ஒன்றும் தெரியாத மாதிரிக் கட்டிக் கொடுக்கிறா. கர்ப்பிணிகள் தாங்களே போனால் கிடைக்காது, இதை மதிப்புரையில் ஒரு குறையாகவே எழுதுகிறேன்.

தயிர் உண்டு, சட்டித் தயிர், எருமைத் தயிர். தயிராகும்போது பாலிலுள்ள லக்டோஸில் ஒரு பகுதியை பக்டீரியாக்கள் தின்றுவிடும், மிச்சத்தைச் செரிக்கவும் அவையே உதவும். ஆகவே பால் ஒத்துவராத பலருக்குத் தயிர் சரிவரும். எனக்கு மத்தியானச் சோற்றோடு இரண்டு கரண்டி சரிவருகிறது, வெறும் வயிற்றில் கித்துள் பாணி ஊற்றி ஒரு கிண்ணம் சாப்பிட்டால் சரிவராது. இங்கே கரண்டிக் கணக்கில் தனியாகத் தருகிறார்கள், முழுச் சட்டி வாங்கு என்று நிற்பதில்லை. நெய்யில் லக்டோஸ் இல்லை என்று சொல்லலாம், கல்சியமும் இல்லை, ஆகவே அதனால் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை. தயிர் ஆறு ஏழு மணித்தியாலமாக வெயில் காய்கிற மேசையில் இருந்தால் வாங்காதீர்கள், பன்னிரண்டு மணிக்கு முன்னம் வாங்குங்கள்.

தேத்தண்ணி. பிளேன்ரீ நல்லது, சாயம் திட்டமாக, இஞ்சி தட்டிப் போடுவார்கள், பனங்கட்டி கடிக்கத் தருவார்கள். பால் ஒத்துவராதவர்கள் எல்லோரும் பிளேன்ரீக்காரர்களாக மாறிவிடுகிறோம், அதில் ஒரு கேடு இருக்கிறது. தேயிலையிலுள்ள தனின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாது, கர்ப்பத்தில் இரத்தம் குறைந்தால் பெரிய கரைச்சல். சாப்பாட்டோடும் இரும்புக் குளிசையோடும் குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். நான் சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணி கேட்பேன், விற்றமின் சி இருந்தால் இரும்பு கூட ஏறும். சீனி போடாமல் கேளுங்கள், கேட்காவிட்டால் பாணிதான் வரும்.

ஒரு முறை சோயாப்பால் செய்து பார்த்தார்கள், நானும் இன்னும் இரண்டு கர்ப்பிணிகளும் கேட்டதால். பச்சை அவரை மணம். விடுங்கள். வீட்டில் பிழிகிற சோயாப்பாலில் புரதம் இருக்குமே தவிர, கல்சியம் சேர்த்து விற்கிற பெட்டிச் சோயாப்பாலில் இருக்கும் அளவு இருக்காது. பெட்டிப் பால் வாங்குகிறவர்கள் குலுக்கிக் குடிக்க வேண்டும், சேர்த்த கல்சியம் அடியில் படிந்துவிடும். லக்டோஸ் நீக்கிய பால் என்றும் ஒன்று உண்டு, நொதியத்தைச் சேர்த்து லக்டோஸை முன்னமே உடைத்துவிட்டது, அதனால் கொஞ்சம் இனிக்கும், கல்சியம் அப்படியே இருக்கும். நான் சாமான் வாங்குகிற கடைகளில் அதைக் காணவில்லை, கொழும்பிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவிடுகிறேன், விலையைப் பார்த்தால் குரக்கனே போதும் என்று வருகிறது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் ஏ9 வீதியில் போகிறவர்கள் யாரும் இல்லை. இந்த அக்காவும் அந்தக் கச்சானைத்தான் வறுத்துக் கட்டி வைத்திருக்கிறா. புரதத்துக்கும் போலேற் என்ற விற்றமினுக்கும் நல்லது, கல்சியத்தை அதில் தேட வேண்டாம். முட்டையும் அப்படித்தான், கல்சியம் கொஞ்சம், ஆனால் மற்றதெல்லாம் இருக்கிறது, நன்றாக அவித்ததைச் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டை மட்டும் நம்பிக் குளிசையை விட்டுவிடாதீர்கள், இது முக்கியம். கிளினிக்கில் தருகிற கல்சியம் லக்டேற் குளிசையின் பெயரைப் பார்த்துப் பயந்து, இது எனக்கு ஆகாதே என்று போடாமல் வைத்திருந்த ஒரு பிள்ளையை அதே கடை மேசையில் சந்தித்தேன். லக்டேற் வேறு, லக்டோஸ் வேறு. அது லக்டிக் அமிலத்தின் உப்பு, பால் ஒத்துவராதவர்களும் போடலாம். அதன் எடையில் 13 வீதம் அளவுதான் உண்மையான கல்சியம், ஆகவே குளிசை போட்டாயிற்று, நெத்தலி வேண்டாம் என்றும் இருக்கக்கூடாது. கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, ஒன்று மற்றதைத் தடுக்கும். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துப் போடச் சொல்வார்கள், எந்த நேரம் என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

திரிபோஷாவையும் கேட்பீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அரசாங்கம் இலவசமாகத் தருகிற 750 கிராம் பைக்கற்றில் சோளமும் சோயாவும்தான் பெரும்பங்கு, பால்மாவும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள், விற்றமின்களும் கனியுப்புகளும் உண்டு. அந்தப் பால்மாவின் அளவு சின்னது என்பதால் என் வயிறு ஒன்றும் சொல்லவில்லை, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிடுகிறேன். உங்களுக்கு ஒரு உருண்டையோடு தொடங்கிப் பாருங்கள். பைக்கற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த அக்கா குரக்கன் மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தருவா, கூலி வாங்குவதில்லை, தேங்காய்க் காசு மட்டும். பலருக்கு இது தெரியாது. பைக்கற்றை வீட்டில் வைத்துவிட்டுக் கோழிக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

மத்தியானச் சாப்பாடு 400 ரூபா, குத்தரிசிச் சோறு, இரண்டு மரக்கறி, ஒரு இலை வறை, சொதி, மீன். சில நாள் இரணைமடுக் குளத்து மீன். மோசமில்லை, ஆனால் காலைச் சாப்பாட்டில் இருக்கிற கவனம் இதில் இல்லை. பருப்பு தண்ணியாக இருக்கும், ஒரு மணிக்குப் பிறகு போனால் வறை முடிந்து போயிருக்கும், கர்ப்பிணிக்கு வேண்டியது அந்த வறைதான். இருக்கைகள் இன்னொரு பிரச்சினை. பிளாஸ்டிக் கதிரைகள், கால் வளைகிற இனம், ஏழாம் மாதத்து உடம்போடு இருந்து எழும்புவது பயமாக இருக்கிறது. சுவரோடு ஒரு மர வாங்கு இருக்கிறது, அதில் போய் இருங்கள், யாராவது இருந்தால் எழும்பி இடம் தருவார்கள். கழிப்பறை பின்னால் இருக்கிறது, சுத்தம், ஆனால் வழியில் படி உயரம்.

மார்க் போடச் சொன்னால் காலைச் சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை, மத்தியானத்துக்கு மூன்று, கேட்டதற்கு உண்மை சொல்வதற்கு ஐந்துக்கு ஐந்து. எள்ளுருண்டைக்கு மார்க் போட எனக்கு உரிமை இல்லை, அது என் வீட்டுக்காரரின் பெயரில் வாங்கியது.

குரக்கன் புட்டு எட்டரைக்குள் முடிந்துவிடும், கிளினிக் நாட்களில் இன்னும் முந்தி, ஆகவே முதல் நாளே போனில் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, அன்றைக்கு நெத்தலி நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆனால் அன்றைக்குத்தான் உளுத்தங்களி கிண்டுவார்கள், நல்லெண்ணெய் விட்டு, பால் இல்லாமல்.